முதல் ‘வேண்டாம்’

ஸ்டாக்ஹோம்
6 ஜூலை 1964, திங்கள்

சம்பந்தியம்மா எப்பா வெஸ்டர்டால் அவர்களுக்கு ஹுல்டா நூர்டீன் எழுதிக்கொள்வது.

வந்து சேர்ந்துவிட்டேன். “ஜூலையில் எங்கள் நகரத்து வீடு உங்களுக்குத் திறந்தே இருக்கும், வந்து ஓய்வெடுங்கள்” என்று நீங்கள் வசந்தத்தில் எழுதியிருந்தீர்கள் அல்லவா? அதை நம்பி, மீன் கொட்டகையில் கொடுக்கிற ஒரு வார விடுமுறையை எடுத்துக்கொண்டு வடக்கேயிருந்து ராத்திரி ரயிலில் உட்கார்ந்தபடியே வந்தேன். வீடு திறந்துதான் இருந்தது. உள்ளேதான் யாரும் இல்லை.

சாவி கொடுத்த காவல்கார அம்மா எல்னா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எல்லாரும் தீவுக்குப் போயாச்சேம்மா. ஜூலையில ஸ்டாக்ஹோம்ல யாரு இருப்பா? நானும் புறாவும்தான்.”

“என் பொண்ணு சிக்ரிட்? குழந்தை?”

“அவங்களும்தான். உங்ககிட்ட சொல்லலையா?”

“சொன்னாங்க, சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன்” என்று சொல்லிவைத்தேன். ஒரு காவல்காரியின் முன்னால் என் மகளை விட்டுக்கொடுக்க முடியுமா?

உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்காலி, சோபா, மேஜை, பியானோ என்று எல்லாவற்றையும் வெள்ளைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறீர்கள். கதவைத் திறந்ததும் பிணவறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. குளிர்பெட்டியை அணைத்து வாயைத் திறந்து போட்டிருக்கிறீர்கள். ரொட்டி வாங்கப் போனால் கடைக்குக் கடை “கோடை விடுமுறை” என்று பலகை. திறந்திருந்த ஒரே கடையில் விற்ற ரொட்டி வெல்லப்பாகில் ஊறவைத்ததுபோல் தித்திக்கிறது. இதையா என் மகள் இரண்டு வருஷமாகத் தின்கிறாள்? ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மீதியைப் புறாவுக்குப் போட்டேன். அதுவும் தின்னவில்லை.

உங்களுக்கு ஒரு பரிசு கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் கொட்டகையில் என் கையாலேயே உப்பில் புளிக்கவைத்து டின்னில் அடைத்த மீன். சிக்ரிட் கல்யாணத்தன்று எங்கள் ஊரில் நீங்கள் அவ்வளவு ஆசையாகச் சாப்பிட்டீர்களே, அதே புளிமீன். “வேண்டாம், வேண்டாம்” என்று முதலில் கூச்சப்பட்டுவிட்டு, மூன்றாவது தடவை கேட்டதும் தட்டைக் காலி செய்தீர்கள். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. டின்னுக்கு நீல நாடா கட்டி, கண்ணில் படட்டும் என்று பியானோ மேல் வைத்திருக்கிறேன்.

பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் கால் விரலைக்கூட நான் பார்த்ததில்லை. ஞாயிறு ராத்திரி எனக்கு ரயில். அதற்குள் அவளை ஒரு தடவை மடியில் போட்டுக்கொண்டால் போதும். மற்றது உங்கள் விருப்பம்.

ஹுல்டா நூர்டீன்


லோங்ஷேர் தீவு
7 ஜூலை 1964

மதிப்பிற்குரிய திருமதி நூர்டீன்,

தங்கள் கடிதம் கண்டு சற்றுத் திகைத்தேன். ஜூலையில் நாங்கள் எப்போதும் தீவிலுள்ள கோடை வீட்டில்தான் இருப்போம். அதனால்தான் வீடு காலியாக இருக்கும், தாங்கள் சுதந்திரமாகத் தங்கலாம் என்று எழுதினேன். ஊரிலுள்ள எல்லோரும் ஜூலையில் அப்படித்தான் செய்வார்கள் என்பதால், தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிக்ரிட்டுக்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல். அசையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே அவள் நகரத்துக்கு வர இயலாது. குழந்தை நலம். என் மகன் கிளாஸ் பகல் முழுவதும் பாய்மரப் படகோடு கிடக்கிறான்.

தங்களுக்கு விருப்பமிருந்தால் வெள்ளிக்கிழமை காலைப் படகில் இங்கு வரலாம். இடம் கொஞ்சம் நெருக்கடிதான். ஆனாலும் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

பரிசுக்கு நன்றி. அதைத் தாங்கள் திறக்க வேண்டாம்.

எப்பா வெஸ்டர்டால்


ஸ்டாக்ஹோம்
8 ஜூலை, புதன்

சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. தீவுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வேண்டாம், எனக்காக யாரும் சிரமப்பட வேண்டாம். கைக்குழந்தை இருக்கிற வீடு, அதிலும் சிக்ரிட்டுக்குக் காய்ச்சல். இடம் வேறு நெருக்கடி என்கிறீர்கள். நடுவில் நான் ஒருத்தி எதற்கு? இங்கேயே இருந்துகொள்கிறேன்.

பால் கட்டினதற்கு முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்துக் கட்டச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் நானே கட்டிவிடுவேன்.

சும்மா இருக்க முடியாமல் துறைமுகம் வரை நடந்துபோனேன். ராஜா வீட்டு வாசலில் ஓடுகிற தண்ணீரா அது? நகரத்துச் சாக்கடையெல்லாம் அதில்தான் விழுகிறதாம், எல்னா சொன்னாள். அன்னப்பறவைகள் கழுத்துவரை பழுப்பேறித் திரிகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே வெளியூர்க்காரர்கள் ஐஸ்கிரீம் நக்குகிறார்கள். பாறை மேல் ஆணும் பெண்ணும் கடல்நாய் மாதிரி எண்ணெய் பூசிக்கொண்டு, அரை முழம் துணியோடு கிடக்கிறார்கள். எங்கள் ஊரில் மீனைக்கூட அதற்கு மேல் மூடித்தான் காயப்போடுவோம். பாலை முக்கோணக் காகிதப் பொட்டலத்தில் விற்கிறார்கள். அடியில் ஒழுகிப் பை முழுக்க நாற்றம். எனக்கு இந்த ஊரில் எதைத் தொட்டாலும் கை கழுவத் தோன்றுகிறது.

போகிற போக்கில், லோங்ஷேர் போகும் படகு எத்தனை மணிக்கு என்று சும்மா விசாரித்தேன். காலை பத்து மணி என்றார்கள். பெட்டியை நான் இன்னும் பிரிக்கவில்லை. அது அப்படியே கிடக்கிறது.

ஹுல்டா


லோங்ஷேர்
9 ஜூலை

மதிப்பிற்குரிய திருமதி நூர்டீன்,

வர விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கள் முடிவை மதிக்கிறோம். ஓய்வுக்கென்று வந்த இடத்தில் தங்களை நாங்கள் தொந்தரவு செய்ய மாட்டோம்.

சிக்ரிட்டிடம் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முட்டைக்கோஸ் இலை பற்றி மருத்துவரிடம் கேட்கிறோம்.

இன்னொன்று. அந்த டின்னைப் பியானோ மேலிருந்து எடுத்து, தயவுசெய்து முற்றத்தில் எங்காவது வைக்கவும். இங்கேயே வெயில் கடுமை.

எப்பா வெஸ்டர்டால்


ஸ்டாக்ஹோம்
10 ஜூலை, வெள்ளி

எப்பா வெஸ்டர்டால் அவர்களுக்கு,

முற்றத்தில் வைக்கச் சொன்ன உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. டின் நேற்றே வெடித்துவிட்டது.

வெயில் ஜன்னல் வழியாக நேராகப் பியானோ மேல்தான் விழுகிறது. எங்கள் ஊரில் இதெல்லாம் வீட்டுக்கடியில் தோண்டின மண்ணறையில் குளிர்ந்து கிடக்கும். உங்கள் வீட்டில் மண்ணறை ஏது? மூடி கர்ப்பிணி வயிறு மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. பழுத்துவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். மத்தியானம் “படார்” என்று ஒரு சத்தம். பியானோவின் வெள்ளைத் துணி, சோபாவின் வெள்ளைத் துணி, உங்கள் மாமனார் படத்தின் கண்ணாடி எல்லாம் உப்புத் தண்ணீர். துணியைத் துவைத்தாகிவிட்டது. மாமனாரைத் துடைத்தாகிவிட்டது. பியானோவுக்கு மூடி சாத்தியிருந்ததால் உள்ளே ஒன்றும் போகவில்லை. வாசம் மட்டும் போகவில்லை. நான் மறைக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கதவை இடித்தார்கள். எல்னா மூக்கில் துணியோடு நின்றாள். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

“உசிரோடதான் இருக்கீங்களா?” என்றாள் எல்னா. “மேல்மாடியில குடியிருக்கிற கேப்டன் போலீசுக்குப் போன் போட்டுட்டாரு. உள்ள யாரோ செத்து ஒரு வாரம் ஆயிருக்கும்னு.”

“செத்தது மீனுடி. அதுவும் போன வருஷமே செத்தது.”

இளையவன் படியிலேயே குந்தி ஓங்கரித்தான். மற்றவன் நெட்டையன், மீசைக்காரன். அவன் மட்டும் மூக்கை நீட்டி மோந்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“அம்மா... இது எங்க ஊரு வாசமாச்சே! நீங்க வடக்கத்திக்காரங்களா?”

“பின்னே? சாப்பிடுறியாப்பா?”

“ஐயோ வேண்டாம்மா, வேலையா வந்திருக்கேன்.”

“உருளைக்கிழங்கு வெந்திருக்கு. ரெண்டு வாய்.”

“வேண்டாம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

“அட, உக்காரு தம்பி.”

தொப்பியைக் கழற்றினான். முற்றத்துக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், கம்பளம் அடிக்கிற கம்பிக்குக் கீழே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நான் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மெல்லிய ரொட்டியில் டின்னில் மிஞ்சின மீனையும் கிழங்கையும் வெங்காயத்தையும் வைத்து மடித்து மடித்துத் தின்றோம். அவன் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றான்.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? எங்கிருந்தோ வந்த போலீஸ்காரனுக்குத் தெரிகிறது. முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. இரண்டாவது ‘வேண்டாம்’ மானத்துக்கு. மூன்றாவது தடவை கேட்டால்தான் அழைப்பு வயிற்றிலிருந்து வருகிறது என்று அர்த்தம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, “தங்கள் முடிவை மதிக்கிறோம்” என்று கதவைச் சாத்துகிறவர்கள் மனசால் கூப்பிடவில்லை என்பது எனக்குப் புரியும். நான் மீன் நாற்றம் பிடித்தவள். குழந்தை மேல் அது ஒட்டிக்கொள்ளும் என்று பயம். நேராகச் சொல்லியிருக்கலாமே! மணக்க மணக்கக் கடிதம் எழுதி உள்ளே இப்படி அழுகின மனசை வைத்திருப்பதைவிட, வெடித்த டின் எவ்வளவோ மேல்.

எனக்கு இந்த வீட்டில் மூச்சு முட்டுகிறது. மீனால் அல்ல.

இன்றைக்குக் காலையில் பத்து மணிப் படகு கிளம்புவதைத் துறைமுகத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு ராத்திரி ரயில். சாவியை எல்னாவிடம் கொடுத்துவிடுகிறேன். பேத்திக்குப் பின்னின காலுறையைப் பியானோ மேல் வைத்திருக்கிறேன். துவைத்துவிட்டே போட்டுவிடுங்கள்.

ஹுல்டா நூர்டீன்


லோங்ஷேர்
11 ஜூலை, சனி
படகுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்

திருமதி நூர்டீன்,

தங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். வாழ்நாளில் யாரும் எனக்கு இப்படி எழுதியதில்லை. என் வீடு, என் மாமனார் படம், போலீஸ்! பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தப் பதிலை நல்லவேளையாக அடுப்பில் போட்டுவிட்டேன்.

கடிதத்தை சிக்ரிட்டிடம் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. (முட்டைக்கோஸ் இலைதான். மருத்துவரிடம் கேட்காமலே கட்டினோம்.) படித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு அழுதாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அத்தை, எங்கம்மாவ எத்தனை தடவை கூப்பிட்டீங்க?”

“ஒரு தடவை. அவங்கதான் வேண்டாம்னு எழுதிட்டாங்களே.”

“ஒரு தடவையா! வரமாட்டேன்னுட்டாங்கன்னு சொன்னீங்களே, மூணு தடவை கேட்டிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் நான் சுவரப் பாத்துப் படுத்தேன். எங்கம்மா முதல் தடவை கேட்டு ஒருத்தர் வீட்டுல ஒரு வாய் காபி குடிச்சதில்ல அத்தை. பெட்டியப் பிரிக்கலன்னு எழுதலையா?”

“எழுதியிருந்தாங்க. எதுக்கு எழுதறாங்கன்னு எனக்கு விளங்கல.”

அப்புறம் அவள் மெதுவாக ஒன்று சொன்னாள்.

“உங்க வீட்டுக்கு வந்த முதல் வருஷம் பூரா நான் பசியோடதான் படுத்தேன். இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேப்பீங்க. வேண்டாம்னு சொல்லிட்டு, திரும்பக் கேப்பீங்கன்னு தட்டப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். நீங்க பாத்திரத்த மூடிடுவீங்க.”

திருமதி நூர்டீன், என் சமையல் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நான் இரண்டு வருஷமாக மனதுக்குள் குமைந்துகொண்டிருக்கிறேன். வடக்கத்திப் பெண், திமிர் பிடித்தவள் என்று என் தங்கையிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். என் மேஜையில், வெள்ளிப் பாத்திரத்துக்கு முன்னால், ஒரு பெண் பட்டினி கிடந்திருக்கிறாள். எனக்கு என்னை நினைத்தே குமட்டுகிறது.

குமட்டல் என்றதும் இன்னொன்று. தாங்கள் நேராகப் பேசுகிறவர், நானும் நேராகவே எழுதுகிறேன். எங்கள் வழக்கத்தில் வேண்டாம் என்றால் வேண்டாம். முதல் தடவையே வேண்டாம். கல்யாணத்தன்று நான் “வேண்டாம்” என்றது வேண்டாம்தான். இரண்டாவது தடவை சொன்னதும் வேண்டாம்தான். மூன்றாவது தடவை தாங்கள் தட்டைக் கையில் திணித்து, ஊரே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியவில்லை. தின்றேன். பிறகு தங்கள் படகுக் கொட்டகைக்குப் பின்னால், காஞ்சொறிப் புதருக்குள், முட்டிபோட்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன். என் பச்சைத் தொப்பியும் அங்கேதான் போயிற்று. காற்றில் பறந்துவிட்டது என்று சொன்னேன். அந்த மீனைப் போல அருவருப்பான ஒன்றை நான் அதற்கு முன்பும் பின்பும் வாயில் வைத்ததில்லை.

ஆகையால் தங்கள் மேல் மீன் வாசம் அடிக்கும் என்று நான் அஞ்சினேனா? ஆம். அஞ்சினேன். அதற்காகத்தான் கூப்பிடவில்லையா? இல்லை. கூப்பிட்டேன். என் வழக்கப்படி கூப்பிட்டேன்.

இப்போது தங்கள் வழக்கப்படி.

புதனன்று தாங்கள் மறுத்த அழைப்பு முதலாவது. அது போகட்டும்.

இது இரண்டாவது: தீவுக்கு வாருங்கள். பேத்தி இங்கே இருக்கிறாள். இடது காலில் சுண்டுவிரல் சற்று வளைந்திருக்கிறது. அது எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை.

இதற்குத் தாங்கள் ‘வேண்டாம்’ என்றுதான் சொல்வீர்கள் என்று சிக்ரிட் சொல்கிறாள். சொல்லிக்கொள்ளுங்கள். மூன்றாவதைக் காகிதத்தில் கேட்கப் போவதில்லை. நாளை முதல் படகில் வருகிறேன். என் வீட்டு வாசலில் நானே மணியடித்து நின்று கேட்கிறேன்.

ஜன்னல்களைத் திறந்து வைக்கவும்.

எப்பா


கிரோவிக்
16 ஜூலை, வியாழன்

சம்பந்தியம்மா,

ஊர் வந்து சேர்ந்தேன். இரண்டு நாள் பிந்தி வந்ததற்கு மேஸ்திரி கத்தினான். “பேத்திய மடியில வெச்சிருந்தேன், போடா” என்றேன். அடங்கிவிட்டான்.

ஞாயிறு காலை நீங்கள் மணியடித்தபோது நான் தலையில் துணி கட்டிக்கொண்டு, கையில் பெட்டியோடு கதவுக்குப் பின்னாலேயேதான் நின்றுகொண்டிருந்தேன். உங்களைக் கேட்கவிட்டிருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வந்து, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, வாயைத் திறந்தீர்கள். “படகு காத்திருக்குமா?” என்று நான் முந்திக்கொண்டேன். எங்கள் ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள். யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

தீவிலும் எனக்குப் பிடிக்காதது நிறைய. அந்தத் தித்திப்பு ரொட்டி அங்கேயும். உப்பு போடாத வெண்ணெய். உங்கள் மகன் குளியலறை இருக்கும்போது கடலில் குதிக்கிறான். ஆனால் ஒன்று பார்த்தேன். குழந்தை என் கட்டை விரலைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பினாள். நாற்பது வருஷ உப்பு அந்த விரலில் இருக்கிறது, சோப்பு போட்டால் போகாது. உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். கையை நீட்டினீர்கள், பிடுங்கிக்கொள்ளப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீட்டின கையை மடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றீர்கள். அவள் வயிறாரச் சப்பினாள். அதை நான் மறக்க மாட்டேன்.

அந்தச் சுண்டுவிரல் என் அம்மாவுடையது.

சாப்பாட்டு மேஜையில் நீங்கள் சிக்ரிட்டிடம் மூன்று மூன்று தடவை கேட்கிறீர்கள். அவள் மூச்சு முட்டித் தின்கிறாள். கொஞ்சம் பார்த்துக் கேளுங்கள். அவள் இப்போது பாதி உங்கள் ஊர்க்காரி.

நான் வந்ததும் படகுக் கொட்டகைக்குப் பின்னால் காஞ்சொறியை வெட்டச் சொன்னேன். பச்சைத் தொப்பி கிடைத்தது. எலி அதில் குடும்பம் நடத்தியிருக்கிறது. பார்க்கவே அருவருப்பு. துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் எங்கள் ஊரில் புது டின் திறப்பார்கள். ஊரே கரையில் கூடும். சிக்ரிட்டையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நீங்கள் வர வேண்டும். தொப்பியையும் வாங்கிக்கொள்ளலாம். புளிமீனை உங்கள் தட்டில் ஒரே ஒரு தடவைதான் நீட்டுவேன். வேண்டாம் என்றால் நம்பிவிடுவேன். கஷ்டம்தான். இருந்தாலும் நம்புவேன்.

ஹுல்டா


லோங்ஷேர்
20 ஜூலை 1964

சம்பந்தியம்மா,

மீன் வேண்டாம். இது எங்கள் ஊர் வேண்டாம். இனி எத்தனை தடவை கேட்டாலும் இதுதான் பதில்.

ஆகஸ்ட் மாதம் வரச் சொல்லி எழுதியிருந்தீர்கள். வேண்டாம், எங்களுக்காக உங்களுக்கு எதற்குச் சிரமம். கைக்குழந்தையோடு அவ்வளவு தூரம் வந்து, நடுவில் நான் ஒருத்தி வேறு எதற்கு? நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம்.

வடக்கே போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று கிளாஸ் சும்மா விசாரித்து வைத்திருக்கிறான்.

எப்பா